வேன் நிற்காத ஊர்கள்

டிசம்பர் லீவு விட்டால் எங்கட உடப்புசல்லாவைக் கடைத்தெருவில் இரண்டு மூன்று குடும்பமாவது இந்தியா போய் வரும். போகும்போது வழியனுப்பப் போவோம். வந்த பிறகு கதை கேட்கப் போவோம். கதை பெரும்பாலும் ஒன்றுதான். சென்னையில் இறங்கி தி.நகரில் உடுப்பு எடுத்தது, நாகூரில் பாத்திஹா ஓதியது, ஏர்வாடியில் ஒரு இரவு, பிறகு மதுரை, கொடைக்கானல். கொஞ்சம் வசதியானவர்கள் டில்லி, ஆக்ரா, அஜ்மீர் என்று மேலே போய், தாஜ்மஹாலுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைச் சுவரில் மாட்டுவார்கள்.

"கீழக்கரையில என்ன பார்த்தீங்க நானா?" என்று ஒருமுறை கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன்.

"அங்க என்ன இருக்கு சேர்? டீசல் அடிச்சோம், தொழுதோம், வந்துட்டோம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் தடவை போனபோது நானும் அப்படித்தான். ஏசி வேனில் திரைச்சீலையை இழுத்துவிட்டு நித்திரை கொண்டே அந்தக் கரையோரத்தைக் கடந்தேன். எங்களை அழைத்துப் போன முகவரின் அட்டவணையில் அந்த ஊர்களுக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை. இரண்டாவது தடவை வழியை நாங்களே வரைந்துகொண்டு போனோம். திருச்சியில் இறங்கி நாகூர், கரையோரமாக இராமநாதபுரம், கீழக்கரை, காயல்பட்டினம், அங்கிருந்து மதுரை, திரும்பவும் திருச்சி. ஆயிரம் கிலோமீற்றருக்குள் அடங்கும் ஒரு வட்டம். நல்ல பாதை, நல்ல வேன், ஐந்து நாள். வயசான உம்மாமாரும் சிரமமில்லாமல் வரலாம். அந்த வட்டத்தில் எங்கே நிற்க வேண்டும், நின்றால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இரண்டு பாதைகள்

புறப்படுமுன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பார்ப்பதெல்லாம் விளங்கும். தமிழகத்துக்கு இஸ்லாம் இரண்டு பாதையால் வந்தது. ஒன்று கடல். அரபு நாட்டு, பாரசீக வளைகுடா வணிகர்கள் முத்துக்கும் குதிரை வியாபாரத்துக்கும் வந்து கரையில் தங்கிக் குடும்பமானார்கள். மற்றது தரை. டில்லியிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் படையோடும் அரசோடும் சூஃபிகளோடும் வந்தது.

இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனாலே தெரியும். காயலிலும் கீழக்கரையிலும் எங்கள் நாட்டைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபு. ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டவுடன் அஸர் வக்து வந்துவிடும். மதுரை, திருச்சி, வேலூர்ப் பக்கம் ஹனஃபிகள் அதிகம். நிழல் இரண்டு மடங்காகும்வரை பார்த்திருப்பார்கள். பயணத்தில் இருப்பவர் "இங்க என்ன பாங்கு லேட்டாச் சொல்றாங்க?" என்று மணிக்கூட்டைப் பார்ப்பதுண்டு. கேரளம், தமிழகக் கரை, இலங்கை, மலாயா, ஜாவா எல்லாம் ஷாஃபிஈ. கப்பல் போன பாதை அது. மத்ஹபு வரைபடமும் பழைய கடல் வணிக வரைபடமும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். உறவுமுறைப் பேச்சும் அப்படித்தான். காயலில் தகப்பனை "வாப்பா" என்கிறார்கள். உள்நாட்டுப் பக்கம் போனால் "அத்தா".

நாங்கள் போன வட்டத்தில் நாகூரிலிருந்து காயல்வரை கடல் பாதை. மதுரையும் திருச்சியும் தரைப் பாதை.

நாகூர்

விமானத்தில் திருச்சிக்கு வரலாம். 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. காலநிலை கெட்டால் நிறுத்திவிடுவார்கள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் இறங்கினால் நாகூர் கைக்கெட்டும் தூரம்.

நாகூர் எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஜியாரத் பற்றி எங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. அந்தத் தர்க்கத்துக்கு இங்கே இடமில்லை. எந்தக் கருத்து உடையவரும் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியது அங்குள்ள ஐந்து மினாராக்களில் உயரமானதை. 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். மராத்தி பேசும் இந்து அரசர் தமிழ்க் கடற்கரையில் ஒரு முஸ்லிம் இறைநேசருக்குக் கட்டிய கோபுரம் கடலில் போவோருக்கு அடையாளமாகவும் நின்றது.

நாகூரிலிருந்து போன கப்பல்கள் அந்த ஊரின் நினைவையும் கொண்டு போயின. சிங்கப்பூர் தெலுக் ஆயரில் 1828 – 1830 அளவில் ஒரு நாகூர் தர்ஹா எழுந்தது. பினாங்கில் ஒன்று உண்டு. எங்கள் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் வருடா வருடம் கொடி ஏறுகிறது. இந்த மூன்றிலும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் அடக்கம் கிடையாது. ஊரை விட்டுப் போனவர்கள் ஊரை நினைக்க வைத்துக்கொண்ட இடங்கள் அவை.

இங்கே ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், வழி முழுக்க உதவும். கல்லில் ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் அதை 0.97 ஆல் பெருக்கி 622 ஐக் கூட்டினால் ஏறக்குறைய கி.பி. ஆண்டு வரும். ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் மறைந்தது ஹிஜ்ரி 978. பெருக்கினால் 948 சொச்சம். 622 ஐக் கூட்ட 1570. வேனில் இருந்த சின்னவர்கள் இந்தக் கணக்குக்குப் பிறகு ஒரு மீசான் கல்லையும் விடவில்லை.

மண்டபம்

நாகூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி என்று பழைய முஸ்லிம் ஊர்கள் வரிசையாக வரும். இராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பக்கம் திரும்பினால் மண்டபம். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லாத இடம். மலையகத்திலிருந்து போகிறவர்கள் இங்கே கட்டாயம் நிற்க வேண்டும்.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்த காலத்தில் இலங்கை வரும் தொழிலாளரை இங்கேதான் மறித்து வைத்துப் பரிசோதித்து, நோய் இல்லையென்று கண்ட பிறகு கப்பலேற்றினார்கள். 1914 இல் பாம்பன் பாலத்தால் தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே 1964 இன் அக்டோபரில்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேருக்குப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பிரஜாவுரிமை கிடைக்காதவர்கள் மறுபடி இதே மண்டபத்தால் உள்ளே போனார்கள். எண்பதுகளில் யுத்தத்துக்குப் பயந்து ஓடியவர்களுக்கும் இதே இடம் அகதி முகாமானது. ஒரே வாசல் மூன்று தரம் திறந்தது.

மலையக முஸ்லிம்களின் கதையில் ஒரு பகுதி இங்கே கிடக்கிறது. தோட்டத்துக்குத் தொழிலாளர் போனார்கள் என்றால் அவர்களுக்கு அரிசியும் கருவாடும் சீத்தைத் துணியும் விற்க இந்தக் கரையோர முஸ்லிம்களும் பின்னாலேயே போனார்கள். சம்மாங்காரர் என்று பெயர் வாங்கி, தோட்டத்துச் சந்திகளில் கடை போட்டார்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. இருந்தவர்கள் சிலர், போனவர்கள் பலர். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதை இருந்தவர்கள் மெல்ல மறந்தார்கள். மறந்தது பயத்தாலும்தான். இந்தியாக்காரன் என்று தெரியாமலிருப்பதே நல்லது என்று அந்தக் காலத்தில் பெரியவர்கள் நினைத்தார்கள்.

கோயில் கல்லில் எங்கள் பெயர்

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குப் போகும் பாதையில் திருப்புல்லாணி வரும். ஆதிஜெகநாதப் பெருமாள் கோயில் உள்ள ஊர். முஸ்லிம் பயணிகள் வேனை நிறுத்தாத இடம். ஆனால் இந்தக் கரையின் முஸ்லிம் வரலாற்றுக்கு மிகப் பெரிய சாட்சிகளில் ஒன்று இந்தக் கோயிலின் கல்வெட்டில்தான் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் ஒருவன் பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த பிழார்பள்ளி என்ற பள்ளிவாசலுக்கு இறையிலியாக, அதாவது வரியில்லாமல், நிலம் விட்ட ஆணை அது. பள்ளிக்குரியவரைச் "சோனகச் சாமந்தர்" என்று கல் குறிப்பிடுகிறது. பள்ளிக்குக் கொடுத்த நிலத்தின் கணக்கைப் பெருமாள் கோயில் கல்லில் பதிந்து வைத்தார்கள். அன்று அது யாருக்கும் வியப்பாக இருக்கவில்லை. அரசாணையைப் பாதுகாக்க ஊரில் இருந்த உறுதியான இடம் கோயில்தான், அவ்வளவே.

சோனகர் என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் இனம் என்ற இடத்தில் "இலங்கைச் சோனகர்" அல்லது "இந்தியச் சோனகர்" என்று இருக்கும். வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழ்க் கல்லில் இருக்கிற சொல் அது. முன்னால் இலங்கை, இந்திய என்று சேர்த்ததுதான் புதிது.

அந்தப் பட்டினம் இன்றைய பெரியபட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கீழக்கரைக்குக் கிட்ட இருக்கிறது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் அங்கே ஆராய்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. சீனத்துக்கும் அரபு நாட்டுக்கும் நடுவில் சரக்கு மாறிய துறைமுகம் என்பதற்கு அந்த ஓடுகளே அத்தாட்சி.

கீழக்கரையில் கல் வாசித்தல்

கீழக்கரை பழைய ஜும்ஆப் பள்ளிக்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். பள்ளிவாசல் என்றால் குவிமாடமும் மினாராவும் என்று பழகிய கண்ணுக்கு முதலில் இது பள்ளியாகவே தெரியாது. முழுக்கக் கருங்கல். தட்டையான கல் கூரை, அதைத் தாங்கும் கல் தூண் வரிசை. வள்ளல் சீதக்காதி என்ற ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் காலத்தது என்பது ஊர் வழக்கு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. சேதுபதி மன்னர் கிழவனுக்கு நெருங்கியவர், உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர், செத்தும் கொடுத்தவர் என்று பழமொழியில் வாழ்பவர்.

எப்படிப் பார்ப்பது? கீழிருந்து மேலே பாருங்கள். முதலில் கட்டிடம் நிற்கும் உயர்ந்த கல் மேடை, அதிட்டானம். அதன்மேல் தூண். தூணின் தலையில் இரு பக்கமும் கை நீட்டியது போல இருப்பது போதிகை. அதன் நுனியில் தலைகீழாகத் தொங்கும் மொட்டு. கோயில் மண்டபத்தில் காண்பதெல்லாம் இங்கேயும் உண்டு, ஏனென்றால் கல் தச்சர்கள் அவர்களே. கோயில் தூணில் யாளியும் தேவதையும் வரும் இடத்தில் இங்கே பூவும் கொடியும் வட்டமும் சதுரமும் வந்தன. உருவம் வேண்டாம் என்றார்கள், தச்சர்கள் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் கிப்லா மேற்கு ஆனதால் வாசல் கிழக்கே அமைந்தது. கிழக்கு வாசல் மண்டபம் கட்டத் தச்சருக்குப் புதிதாக எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. குவிமாடமும் ஓங்கிய மினாராவும் பெரும்பாலும் தரைப் பாதையால் வந்த அரசுகளும் நவாபுகளும் பரப்பிய பாணி.

பக்கத்திலேயே சதக்கத்துல்லாஹ் அப்பா (1632 – 1703) அடங்கியிருக்கிறார்கள். ஊரில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 – 1898) அவர்களின் அரூஸிய்யா மத்ரஸாவும் உண்டு. இலங்கைக்குப் பலமுறை வந்து பள்ளிகளும் மத்ரஸாக்களும் எழக் காரணமானவர்கள். எங்கட உம்மும்மாமார் மார்க்கம் படித்த பத்ஹுத் தய்யான் அவர்கள் எழுதிய அரபுத் தமிழ் நூல்தான்.

அரபுத் தமிழ் என்றதும் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அப்பா, வாப்பாவின் வாப்பா, உடப்புசல்லாவையில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். அவருடைய கணக்குக் கொப்பி ஒன்று அலுமாரியில் கிடந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதியிருந்தார். குர்ஆன் ஓதத் தெரிந்த எங்கள் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. தமிழில் சிறப்புப் பட்டம் பெற்ற எனக்கும் தெரியவில்லை. ட, ங, ப போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தில் புள்ளி கூட்டி அமைத்த எழுத்துகள் இருக்கின்றன, அவற்றை அறியாமல் வாசிக்க முடியாது. கீழக்கரையில் ஒரு பெரியவரிடம் அந்தக் கொப்பியின் படங்களை ஃபோனில் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடங்கலில்லாமல் வாசித்தார். அரிசி, பருப்பு, சீனி, கடன்காரர் பெயர்கள். முதல் பக்கத்தில் அப்பாவின் பெயர், அவருடைய வாப்பாவின் பெயர், ஊர் பெரியபட்டினம்.

நாங்கள் இவ்வளவு காலமும் கீழக்கரை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பெரிய ஊரின் பெயரைச் சொல்வது எல்லோர் வழக்கமும்தானே. அன்று பின்னேரம் பெரியபட்டினம் போனோம். சொந்தக்காரர் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அஸர் தொழுதோம், திரும்பினோம். என் தங்கச்சி மட்டும் வேனில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் மண்ணில் நின்றாள்.

காயல்பட்டினம்

தூத்துக்குடி தாண்டிக் காயல்பட்டினம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிய காயல், பக்கத்திலுள்ள பழையகாயல் என்பது கால்டுவெல் காட்டிய முடிவு. ஹோர்முஸ், கீஷ், ஏடனிலிருந்து குதிரைக் கப்பல்கள் அங்கே வந்தன. வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் குதிரை இறங்கியதாகவும் ஒன்றுக்கு 220 பொன் தீனார் கொடுத்ததாகவும் பாரசீக வரலாற்றாளர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் அவை செத்துப்போனதால்தான் வியாபாரம் ஓயவில்லை என்பது மார்க்கோ போலோவின் குறும்பான விளக்கம். கீஷ் வணிகர் ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னனின் அமைச்சராக இந்தத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டார்.

காயலில் குத்பாப் பெரிய பள்ளி, சிறிய பள்ளி இரண்டும் பாருங்கள். முற்றத்தில் அரபு எழுத்து வெட்டிய பழைய மீசான் கற்கள் உண்டு. பிறகு தெருவில் நடந்து பாருங்கள். வீடுகளுக்கு இடையில் பெண்கள் போய்வர ஒடுங்கிய முடுக்குகள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு மகளுக்கு. எங்கள் கிழக்கு மாகாணத்தார் இங்கே வந்தால் சொந்த ஊருக்கு வந்தது போலத்தான் இருக்கும். மூத்தவரைக் "காக்கா" என்று கூப்பிடுவதும் அப்படியே.

மதுரையும் எங்கள் மலையும்

1344 இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, இன்று ஹட்டன், மஸ்கெலியா வழியாக நாம் ஏறுகிற பாவா ஆதம் மலையில் ஏறினார். அங்கிருந்து தமிழகக் கரைக்குக் கப்பலேற, புயலில் கப்பல் உடைந்தது. தப்பிக் கரையேறி மதுரை போனார். அங்கே 1335 இல் தொடங்கிய சுல்தானியம் நடந்துகொண்டிருந்தது. ஆண்ட கியாஸுத்தீன் அவருக்குச் சகலை. இருந்தும் சிறைப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் அந்தச் சுல்தான் கொன்றதை அருவருப்போடு எழுதி வைத்தார். ஊரில் பரவிய கொள்ளை நோயையும் எழுதினார். எங்கள் வரலாறு என்றால் மினாராவும் மன்னர் கொடையும் மட்டுமல்ல. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மதுரையில் காஜிமார் பெரிய பள்ளியும் வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்ஹாவும் ஒரு காலைப்பொழுதில் முடியும். திருச்சியில் நத்ஹர் வலி தர்ஹா. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா அங்கேதான் அடங்கியிருக்கிறார். அங்கே குவிமாடத்தைப் பார்க்கும்போது கீழக்கரையின் தட்டைக் கூரை நினைவுக்கு வரும். இரண்டு பாதைகளும் கண் முன்னால் நிற்கும்.

போகிறவர்களுக்கு

பள்ளிக்குப் போனவுடன் படம் எடுக்காதீர்கள். நிர்வாகியைக் கண்டு ஸலாம் சொல்லி, இலங்கையிலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். ப்ளேன்டீ வேண்டாம் என்றாலும் தேத்தண்ணி வரும், கதையும் வரும். பல பழைய பள்ளிகளில் உள்மண்டபத்துக்குள் பெண்களை விடுவதில்லை. முன்கூட்டியே கேட்டு, வெளிப்புறத் தூண்களையும் தைக்காக்களையும் அவர்கள் பார்க்க ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஜும்ஆ நாளில் போனால் சனக்கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியாது.

சீக்கிரம் போங்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வழியில் ஒரு ஊர்ப் பள்ளியில் கல் தூணெல்லாம் பச்சை எனாமல் பூசியிருந்தார்கள். எழுத்து இருந்த கல்லின்மேல் தரை ஓடு ஒட்டியிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, அல்லாஹ்வின் வீடு பளபளப்பாக இருக்கட்டும் என்ற ஆசையில். எங்கள் மலையகத்துப் பழைய பள்ளிகளிலும் இதே ஆசை வேலை செய்கிறது. தகரக் கூரைப் பள்ளியை இடித்து மாடி எழுப்பும்போது, முதல் பள்ளிக்கு மரம் கொடுத்தவர், காணி கொடுத்தவர் பெயர் இருந்த பலகை எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைக்க ஃபோன் இல்லாத நிர்வாகி இன்றைக்கு யாரும் இல்லை.

பயணத்தை வேனில் தொடங்காதீர்கள், வீட்டு அலுமாரியில் தொடங்குங்கள். பழைய கொப்பி, காணி உறுதி, பாஸ்போட், நிக்காஹ் பதிவு, எது கிடந்தாலும் படம் எடுங்கள். உம்மும்மா உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அந்தத் துண்டுக் கடதாசியை ட்ரைவரிடம் கொடுத்து, "தம்பி, இந்த ஊர்ல கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொன்னால் போதும்.